செல் துண்டோடு ஸ்கானுக்குப் போவது: வாத நோய்க்கு எந்தப் படம்?

எம்.ஆர்.ஐ. எடுக்கும் அறைக்கு வெளியே ஒரு படிவம் தருவார்கள். பேஸ்மேக்கர் இருக்கிறதா, கர்ப்பமா, மூடிய இடத்தில் பயமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகும். நடுவில் ஒரு கேள்வி: உடம்புக்குள் உலோகத் துண்டு ஏதும் உண்டா? அத்தான் பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். “உண்டா எண்டு கேட்டா உண்டு. எத்தினை எண்டு கேட்டாத்தான் எனக்குத் தெரியாது.”

அவருக்கு 41 வயது. 2009 இல் யுத்தத்தில் பட்ட செல், பீரங்கிக் குண்டு. தொடை எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து ஒருவழியாகப் பொருந்தியது. எடுக்கக்கூடிய துண்டுகளை அப்போதே எடுத்தார்கள், மற்றதை உள்ளேயே இருக்கட்டும் என்று விட்டார்கள். தொடையில் ஒன்று, முதுகில் ஒன்று என்பது அவர் கணக்கு. வன்னியில் இதெல்லாம் புதினமில்லை. எங்கள் ஒழுங்கையில் மட்டும் இப்படி ஐந்து பேரை எண்ணுவேன்.

அதனால்தான் இடுப்பு நோ தொடங்கியபோது அவரும் சரி, நாங்களும் சரி, செல் பட்ட இடம் நோகிறது என்றே நினைத்தோம். மூன்று வருடம் பனடோலும் எண்ணெயும். விடியப்புறம் மூன்று மணிக்கு நோ எழுப்பிவிடும். எழும்பி முற்றத்தில் பத்துத் தரம் நடந்தால் இளகும், வயலில் இறங்கி வேலை செய்தால் இன்னும் குறையும், மத்தியானம் படுத்தால் திரும்ப இறுகும். வேலை செய்தால் கூடுகிற நோவுக்கும் வேலை செய்தால் குறைகிற நோவுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் கண் டொக்டரிடம் போனார். கண்ணுக்குள் அழற்சி என்று மருந்து எழுதிய அவர், “காலையில இடுப்பு இறுகிக் கிடக்கிறதா?” என்று கேட்டார். கண்ணுக்கும் இடுப்புக்கும் என்ன தொடர்பு என்று அத்தான் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார்.

தொடர்பு உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி உடம்பின் மேலேயே பாய்வதால் வருகிற அழற்சி நோய்கள் ஒரு பெரிய குடும்பம். கை மூட்டுகளை வீங்கச் செய்யும் ரூமற்றோயிட் வாதம், முள்ளந்தண்டையும் இடுப்பையும் பிடிக்கும் முள்ளந்தண்டு வாதம், சொரியாசிஸோடு வரும் வாதம், லூபஸ், பெரிய இரத்தக் குழாய்களின் சுவரில் வரும் அழற்சி, தைரொயிட்டைத் தாக்கும் கிரேவ்ஸ் நோய் எல்லாம் அதற்குள் அடங்கும். அத்தானுக்குச் சந்தேகித்தது முள்ளந்தண்டு வாதம், அதோடு கண்ணிலும் அழற்சி வருவதுண்டு. இடுப்பு எக்ஸ்ரேயில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எழுதினார்கள். அங்கேதான் படிவம் வந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் ஆளுக்கொரு யோசனை. ஒருவர் போன் ஸ்கான், அதாவது எலும்பு ஸ்கான், எடுத்தால் உடம்பு முழுக்கத் தெரியும் என்றார். வெளிநாட்டிலிருந்து அழைத்தவர் பெட் ஸ்கான்தான் இப்போது எல்லாவற்றுக்கும் நல்லது, காசை நான் அனுப்புகிறேன் என்றார். நான் டொக்டர் இல்லை, மருந்துக் கடையில் நிற்பவன். ஆனால் எங்கள் குடும்பத்தில் இந்த இரண்டு ஸ்கானுக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே தீர்ப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே, சி.ரி., எம்.ஆர்.ஐ. மூன்றும் முக்கியமாக உடம்பின் அமைப்பைப் படம் பிடிக்கின்றன. போன் ஸ்கானும் பெட் ஸ்கானும் அணு மருத்துவ ஸ்கான்கள், அவை அப்படியில்லை. மிகச் சிறிதளவு கதிர்வீசும் மருந்தை ஊசியில் ஏற்றி, அது உடம்பில் எங்கே போய்ச் சேர்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பது. இயந்திரம் கதிர் விடுவதில்லை, நோயாளியிடமிருந்து வருவதை வாங்கிக்கொள்கிறது. எது எங்கே தேங்குகிறதோ அங்கே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அந்த ‘ஏதோ’ என்ன என்பதில்தான் வில்லங்கம்.

போன் ஸ்கானைப் பெரியம்மாவோடு போய்ப் பார்த்தேன். அவருக்கு 66 வயது, கையில் பழைய ரூமற்றோயிட் வாதம். சில வருடங்களுக்கு முன் மார்பில் ஒரு கட்டி எடுத்தது. புதிதாக இடுப்பில் நோ வந்தபோது, கட்டி எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று பார்க்க எழுதினார்கள். ஊசியை ஒரு கனத்த உலோக உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். போட்டது ஒரு நிமிடம். பிறகு மூன்று மணித்தியாலம் காத்திருக்க வேண்டும், தண்ணீர் குடித்துக் குடித்துச் சிறுநீர் கழிக்க வேண்டும். மருந்து எலும்பில் படிவதற்கும், படியாதது வெளியேறுவதற்கும் அந்த நேரம். பெரியம்மாவின் கவலை வேறு. “ஊசியில கதிர் எண்டா, இனி நான் பேரனைத் தூக்கலாமோ?” இன்று மட்டும் சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கி மடியில் வைத்திருக்க வேண்டாம், நாளைக்குத் தூக்குங்கள் அம்மா என்றார் ஊசி போட்டவர். அந்த மருந்திலிருக்கும் டெக்னீசியம்-99எம் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு நாளில் நாலு தரம் பாதியானால் பதினாறில் ஒரு பங்கு. சிறுநீரில் போனதைக் கழித்தால் அதிலும் குறைவு.

படத்தைத் திரையில் கண்டேன். வெள்ளையில் கறுப்பாக ஒரு எலும்புக்கூடு. மணிக்கட்டு இரண்டும் கறுப்பு, முழங்கால் கறுப்பு, இடுப்புக்கு மேலே முள்ளந்தண்டில் இரண்டு இடம் கறுப்பு. எனக்கு நெஞ்சு இடித்தது. ரிப்போர்ட் வந்தபோது கட்டி பரவியதற்கான அடையாளம் இல்லை, வாதமும் தேய்மானமும் என்று இருந்தது. எது வாதம், எது தேய்மானம் என்று படம் தனியாகச் சொல்லவில்லை. வாசித்தவர் கறுப்பு விழுந்த இடங்களின் ஒழுங்கைப் பார்த்து, பழைய எக்ஸ்ரேக்களோடு ஒப்பிட்டுச் சொன்னார்.

காரணம் இதுதான். போன் ஸ்கான் மருந்து அழற்சியைத் தேடிப் போவதில்லை. எலும்பு புதிதாகக் கட்டப்படும் இடத்தில் போய் ஒட்டுகிறது. வாதத்தில் எலும்பு அரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டினாலும் ஒட்டும், வயதான தேய்மானத்திலும் ஒட்டும், முறிவில் ஒட்டும், கிருமி பிடித்த எலும்பில் ஒட்டும். ஊசி போட்டவுடனேயே இரத்த ஓட்டத்தையும், சில நிமிடங்களில் இரத்தம் தேங்குவதையும், மூன்று மணித்தியாலத்தில் எலும்பையும் என்று மூன்று கட்டமாக எடுத்தால் அழற்சியின் சூடு கொஞ்சம் பிரிந்து தெரியும். அப்போதும் ‘இங்கே பார்’ என்று விரல் நீட்டுமே தவிர, இன்ன நோய் என்று பேர் சொல்லாது.

அத்தானின் விஷயத்தில் இதற்கு மேலும் இரண்டு சிக்கல். இடுப்பெலும்பும் முள்ளந்தண்டின் அடியும் சேரும் மூட்டு உடம்பின் பாரத்தைத் தாங்குகிற இடம். சுகதேகிக்கே அங்கே மருந்து கொஞ்சம் கூடுதலாகத் தேங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் அழற்சி இருந்தால், எது இயல்பு எது நோய் என்று பிரிப்பது கஷ்டம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இந்த மூட்டு அழற்சியில் ஏறக்குறையப் பாதியைத்தான் போன் ஸ்கான் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தது. ஐரோப்பிய வாத நோய் மருத்துவர்களின் அமைப்பு 2015 இல் வெளியிட்ட பரிந்துரையில், முள்ளந்தண்டு வாதத்தைக் கண்டுபிடிக்க இந்த ஸ்கானைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது சிக்கல் செல். முறிந்து பொருந்திய தொடையெலும்பு, துண்டைச் சுற்றிச் சதைக்குள் எலும்பு மாதிரி இறுகிய இடம் எல்லாம் வருடங்கள் கழித்தும் கறுப்பாகத் தெரியக்கூடும். நோயைத் தேடிப் போய் யுத்தத்தைப் படம் எடுத்துக்கொண்டு வருவோம்.

அதற்காகப் போன் ஸ்கான் வீண் என்றில்லை. நெஞ்செலும்பின் மேற்பகுதியும் காறை எலும்புகளும் சேருமிடத்தில் வருகிற ஒருவகை அழற்சி வாதம் இருக்கிறது, தோலில் கொப்புளங்களோடு வரும். அதை இந்த ஸ்கானில் பார்த்தால் அச்சொட்டாகக் கொம்பு வைத்த மாட்டுத் தலை மாதிரியே இருக்கும். ரிப்போர்ட்டிலும் மாட்டுத் தலை அடையாளம் என்றே எழுதுவார்கள். நோ ஒரு இடத்தில், எலும்பு நோய் பல இடத்தில் என்று சந்தேகம் வரும்போது தலையிலிருந்து கால்வரை ஒரே தரத்தில் பார்த்துவிட இதைப்போல் மலிவான வழி வேறில்லை. உடம்புக்குள் இரும்பு கிடப்பதும் இதற்குப் பொருட்டில்லை. ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனிகள் எல்லாமே இயல்பாகக் கறுக்கும், வாசிப்பது இன்னும் கடினம். கதிரளவையும் சேர்த்து யோசித்தால் பிள்ளைகளின் மூட்டு வாதத்துக்கு நான் கடைசியாகத்தான் இதைக் கேட்பேன்.

கதிரளவு பற்றிப் பலருக்கும் பயம். இயற்கையிலிருந்தே ஒரு மனிதருக்கு உலக சராசரியாக வருடத்துக்கு 2.4 முதல் 3 மில்லிசீவேர்ட் வரை கிடைக்கிறது. ஒரு போன் ஸ்கான் சுமார் 4, அதாவது ஒன்றரை வருடக் கணக்கு. பெட் ஸ்கானோடு சி.ரி.யும் சேருவதால் 10 அளவுக்கு வரலாம். எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் ஒன்றும் இல்லை. தேவையென்றால் எடுக்கலாம், ‘எதற்கும் ஒருக்கா எடுத்துப் பார்ப்பம்’ என்பதற்கு எடுக்கக்கூடாது. நான் இதை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இனிப் பெட் ஸ்கான். இது சித்தியின் மகளோடு போய் வந்த கதை. 24 வயது, தங்கச்சி முறை. கிணற்றில் தண்ணீர் அள்ளினால் இடது கை சோர்ந்துபோகும், தலை இழுக்கக் கை தூக்க முடியாது. உடம்பு மெலிந்துகொண்டு போனது, பின்னேரத்தில் காய்ச்சல். கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) இடது கையில் பிரஷர் பார்த்தார், எடுபடவில்லை. மெஷின் பழுது என்று வேறொன்றைக் கொண்டுவந்தார். அதிலும் எடுபடவில்லை. வலது கையில் எடுத்தால் சரியாக இருக்கிறது. நாடியைப் பிடித்துப் பார்த்த டொக்டர் எழும்பி நின்றுவிட்டார். டாக்கயாசு நோய், பெரிய இரத்தக் குழாய்களின் சுவரில் வரும் அழற்சி. 1908 இல் மிகிட்டோ டாக்கயாசு என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் கண்ணின் இரத்தக் குழாய்களில் கண்ட மாற்றத்தை விவரித்ததால் அவர் பெயர். நாடியில்லா நோய் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வருவது, ஆசியாவில் கூடுதலாகக் காணப்படுவது.

இரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் சி.ரி. அஞ்சியோகிராமில் இடது கைக்குப் போகும் குழாய் ஒடுங்கியிருப்பது தெரிந்தது. கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. ஒடுங்கியது பழைய தழும்பா, இன்னும் எரிந்துகொண்டிருக்கிறதா? தழும்பென்றால் ஸ்டீரொயிட் கொடுத்துப் பயனில்லை, எரிகிறதென்றால் ஒருநாளும் பிந்தக்கூடாது. சி.ரி. அஞ்சியோகிராம் முக்கியமாகக் குழாய் எவ்வளவு ஒடுங்கியது என்பதைத்தான் சொல்லும். சுவர் எரிகிறதா என்பதைப் பெட் ஸ்கான் சொல்லும். ஏனென்றால் அதில் ஏற்றுவது கதிர்வீசும் ஃபுளோரின்-18 ஒட்டிய ஒருவகைச் சீனி. பசி கூடிய கலங்கள் அதை விழுங்கும், ஆனால் சாதாரணச் சீனிபோல் எரித்து முடிக்க முடியாமல் உள்ளேயே தேக்கி வைத்திருக்கும். புற்றுநோய்க் கலம் மட்டுமில்லை, சண்டையில் இறங்கிய நோய் எதிர்ப்புக் கலங்களும் அப்படித்தான் விழுங்கும்.

சீனிதான் விஷயம் என்பதால் வெறும் வயிற்றில் போக வேண்டும், ஆகக் குறைந்தது 4 மணித்தியாலம், 6 என்றால் நல்லது. நீரிழிவுக்காரருக்குச் சீனியின் அளவு கூடிநின்றால் படம் மங்கும். எல்லாவற்றையும் தாளில் எழுதித் தந்திருந்தார்கள். இரவு பஸ்ஸில் போனோம். தம்புள்ளையில் பஸ் நின்றபோது நான் நித்திரை. பிள்ளை இறங்கி, குளிருக்கு ஒரு பால் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும். பிறகு காலையில் கொழும்பில் இறங்கியதும் இன்னொரு தேத்தண்ணி. ஸ்கான் எடுக்கும் இடத்தில் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது உண்மையைச் சொன்னாள். இன்று முடியாது என்று திருப்பிவிட்டார்கள். “தேத்தண்ணி சாப்பாடில்லைத்தானே அண்ணா” என்று அழுதாள். தாளில் ‘உணவு’ என்றுதான் இருந்தது. தேத்தண்ணி என்று ஒரு சொல் கூடுதலாக எழுதியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. நல்லவேளை, நாலு நாள் கழித்து வேறொருவர் வராத இடத்தில் எங்களை நுழைத்துவிட்டார்கள். அதுவரை கொழும்பில் தெரிந்தவர் வீட்டு விறாந்தை.

அந்த நாலு நாளும் ஒரு போராட்டம். ஸ்டீரொயிட் தொடங்கினால் குழாய்ச் சுவரின் எரிவு அடங்கிப் படத்தில் தெரியாமல் போகலாம். அதிக அளவில் தொடங்கி 72 மணித்தியாலத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் தெரியும், பத்து நாள் போனால் நம்ப முடியாது என்பதுதான் பொதுவான கணக்கு. கண் பார்வை குறைந்தாலோ மயக்கம் வந்தாலோ ஸ்கானைப் பார்க்காமல் உடனே மருந்தைத் தொடங்கச் சொல்லி டொக்டர் தொலைபேசி இலக்கம் தந்திருந்தார். ஒன்றும் வரவில்லை. ஊசி போட்டு ஒரு மணித்தியாலம் மங்கிய அறையில் பேசாமல் படுத்திருந்தாள். பேசினால் தொண்டைத் தசை சீனியை எடுக்கும், நடந்தால் கால் தசை எடுக்கும். படத்தில் மூளையும் சிறுநீர்ப்பையும் பளிச்சென்று இருந்தன, அது எல்லாருக்கும் இயல்பு. ஈரலை அளவுகோலாக வைத்துத்தான் பார்ப்பார்களாம். குழாய்ச் சுவர் ஈரலைவிடப் பிரகாசமாக இருந்தால் ஆகக் கூடிய தரம். இதயத்திலிருந்து வளைந்து இடது கைக்குப் பிரியும் இடம்வரை ஒரு கோடு அப்படியே எரிந்தது.

இந்த ஒரு இடத்தில் பெட் ஸ்கானுக்குச் சமமாக ஒன்றைச் சொல்வது கடினம். முதியவர்களுக்குத் தோளும் இடுப்பும் இறுகி, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். எகிறி நிற்கும் வாதத்திலும், எந்தப் பரிசோதனைக்கும் பிடிபடாத நீண்ட காய்ச்சலிலும் இது உதவும். ஆனால் காசநோயும் இதே மாதிரித்தான் எரியும். எங்கள் பக்கத்தில் அதை மறக்கக்கூடாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பெரிய மருந்துகளைத் தொடங்குமுன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்த் தோல் பரிசோதனையும் பார்ப்பதற்குக் காரணம் அதுதான். எரிகிற இடம் தெரிந்தால் போதாது, சிலவேளை அங்கிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் முடிவு.

சரி, அத்தானுக்கு வெளிநாட்டுக் காசில் பெட் எடுத்தால் என்ன? அதுவும் அழற்சியைக் காட்டக்கூடியதுதான். ஆனால் இடுப்பு மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. காட்டுவதற்கு மேலாக அது என்ன தரும் என்றால், வழக்கமான மருத்துவத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. துண்டைச் சுற்றியிருக்கும் பழைய புண்ணும் சீனியை எடுக்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று உருவாக்கிய, தலை முதல் கால்வரை ஒரே தரத்தில் எடுக்கும் பெரிய பெட் இயந்திரத்தின் முதல் மனிதப் படங்கள் 2018 இல் வெளிவந்தன. கதிரளவைக் குறைத்து எல்லா மூட்டுகளையும் ஒன்றாகப் பார்க்கும் ஆராய்ச்சி டேவிஸில் நடக்கிறது. நல்ல விஷயம், ஆனால் நாளைக் காலை இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறந்தால் வயலுக்கு இறங்க வேண்டிய அத்தானுக்கு அது உதவாது.

தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஏனென்றால் இந்த இரண்டு ஸ்கானும் தூரத்தை இரண்டு விதமாக நடத்துகின்றன. பெட் மருந்தின் ஃபுளோரின் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதைச் செய்ய சைக்ளோட்ரன் என்ற பெரிய இயந்திரம் வேண்டும். கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு வாகனத்தில் ஆறரை மணித்தியாலம் என்று வைத்தால், புறப்பட்டபோது இருந்ததில் பத்தில் ஒரு பங்கும் மிஞ்சாது. டெக்னீசியம் வேறு மாதிரி. அதன் தாய்த் தனிமமான மொலிப்டினம்-99 க்கு அரைவாசியாக 66 மணித்தியாலம் எடுக்கும். ஈயப் பெட்டியில் வெளிநாட்டிலிருந்து வந்தால், அதிலிருந்து நாளுக்கு நாள் டெக்னீசியத்தை வடித்தெடுக்கலாம். அந்தத் துறையில் அதைப் பால் கறத்தல் என்றே சொல்வார்கள், பெட்டிதான் பசு. அப்படியான பசு ஒன்று வன்னிக்கு வந்தால் போன் ஸ்கானும் தைரொயிட் ஸ்கானும் இங்கேயே எடுக்கலாம். அதுவரை பயணம்தான். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அணு மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஏ9 வீதி கண்டியில் தொடங்கி 321 கி.மீ. ஓடி யாழ்ப்பாணத்தில் முடிகிறது, கிளிநொச்சியிலிருந்து பார்த்தால் அதில் முக்கால்வாசியை ஓட வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் ஸ்கானுக்குக் காசில்லை, ஆனால் கூடப் போகிற ஆளுக்கு இரண்டு நாள் சம்பளம் போகும், இரவு தங்க இடம் வேண்டும். வேலி போட்ட கூலிக்கு வாழ்கிறவருக்கு அது ஸ்கானைவிடப் பெரிய செலவு.

தைரொயிட்டை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே முடிவு சுலபம். கழுத்து வீங்கி, கை நடுங்கி, ஹோர்மோன் கூடி நிற்கிறது. கிரேவ்ஸ் நோயா, அழற்சியால் சேமிப்பு கசிகிறதா என்று தெரியவேண்டும். டெக்னீசியம் ஸ்கானில் முதலாவது முழுக்க எரியும், இரண்டாவது வெறுமையாக இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. எதிர்ப்பொருள் இரத்தப் பரிசோதனை கிடைத்தால் பல வேளைகளில் பயணத்தை மிச்சம் பிடிக்கலாம். பால் கொடுக்கும் தாய் என்றால் ஊசிக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். எத்தனை மணித்தியாலம் பாலை நிறுத்துவது என்பது மருந்துக்கு மருந்து மாறும்.

கை மூட்டு வீக்கத்துக்கு ஸ்கான் என்ற சொல்லையே முதலில் எடுக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். டொக்டர் விரலால் அமுக்கிப் பார்ப்பது, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனைகள், எக்ஸ்ரே, அதற்கு மேல் வேண்டுமென்றால் அல்ட்ராசவுண்ட். நல்ல கைப்பழக்கம் உள்ளவர் எடுத்தால், மூட்டுச் சவ்வில் இரத்தம் பாய்வதை டொப்ளரில் சிவப்பாக நேரிலேயே காட்டுவார். சிக்குன்குனியா வந்தவர்களையும் நினைக்க வேண்டும். 2006 முடிவில் இலங்கையில் அது பரவியபோது காய்ச்சல் போய் மாதக்கணக்கில் கை மூட்டு மடங்காமல் இருந்தவர்களை நாங்கள் கண்டோம். அச்சாக ரூமற்றோயிட் மாதிரியே இருக்கும். ஸ்கானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காய்ச்சல் வந்ததா என்று கேட்கிற ஒரு கேள்விக்குத் தெரியும்.

இப்போது எம்.ஆர்.ஐ.க்கு வருவோம். காந்தப் புலத்தில் இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம். ஆனால் ‘துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. இல்லை’ என்பது முழு உண்மையில்லை. துண்டு எந்த உலோகம், எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. கண்ணிலோ மூளையிலோ முள்ளந்தண்டு நரம்புக்குப் பக்கத்திலோ பெரிய இரத்தக் குழாயை ஒட்டியோ இருந்தால் ஆபத்து. தொடைச் சதைக்குள் பல வருடமாகத் தழும்பு மூடிக் கிடக்கும் துண்டென்றால், எக்ஸ்ரேயில் இடத்தைப் பார்த்த பிறகு கதிரியக்க மருத்துவர் அனுமதிப்பதும் உண்டு. அந்த முடிவை அவர்தான் எடுக்க வேண்டும், படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிட்டு உள்ளே போகிற வேலை மட்டும் வேண்டாம். எங்கள் ஊரில் அப்படிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். திரும்பவும் ஒரு திகதி எடுக்க இன்னும் எத்தனை மாதம் என்ற பயத்தில்தான் போடுகிறார்கள்.

அத்தான் ‘ஆம்’ என்று போட்டார். எம்.ஆர்.ஐ. அன்றைக்கு நின்றது. துண்டுகள் எங்கே என்று பார்க்க முதுகுக்கும் தொடைக்கும் எக்ஸ்ரே எழுதினார்கள். அதோடு குறைந்த கதிரளவில் இடுப்பு மூட்டுக்கு மட்டும் சி.ரி. ஒன்றை எடுத்துப் பார்க்கலாம் என்றார் வாத நோய் டொக்டர். சி.ரி. இப்போது எரிகிறதா என்று சொல்லாது, எலும்பில் அரித்த குழிகளைச் சாதாரண எக்ஸ்ரேயைவிட நன்றாகக் காட்டும். மூன்று வருட நோவுக்குக் குழி விழுந்திருக்கத்தான் வேண்டும் என்பது அவர் கணக்கு. விழுந்திருந்தது, இரண்டு பக்கமும். கண்ணில் வந்த அழற்சி, விடியப்புற நோ, இந்த வாதத்தோடு தொடர்புடைய மரபணு அடையாளமான எச்.எல்.ஏ.-பி27 பொசிட்டிவ் என்று வந்த இரத்த ரிப்போர்ட், இதோடு சி.ரி.யும் சேர்ந்த பிறகு மருந்தைத் தொடங்க அவருக்கு வேறு படம் தேவைப்படவில்லை. குழி விழாமல் இருந்திருந்தால், துண்டு இடத்தைப் பார்த்து எம்.ஆர்.ஐ.க்கு அனுமதி கேட்டிருப்பார். அதுவும் முடியாதென்றால் மட்டும் போன் ஸ்கான், அதுவும் சி.ரி. சேர்த்த வகை என்றார். பெட் பற்றி நான் கேட்டபோது, “அதை எடுத்து நான் இப்ப எழுதுற மருந்தை மாத்தப் போறேனா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இப்போது அழற்சி நீக்கி மாத்திரையும், விடிய எழும்பிச் செய்கிற உடற்பயிற்சியும். மூன்று மணிக்கு எழும்புவது நின்றுவிட்டது என்று அக்கா சொல்கிறாள்.

எக்ஸ்ரே படங்களை டொக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டோம், அடுத்த முறை எங்கே போனாலும் படிவத்தோடு சேர்த்துக் கொடுக்க. வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் அத்தான். தொடையில் இருந்தது நகத்தளவு. முதுகில் இருந்தது அதைவிடச் சின்னன். அதற்குக் கீழே, விலா ஓரத்தில், அரிசி மணி மாதிரி இன்னொன்று. விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு கன நேரம் நின்றார். “இது எப்ப பட்டது?” என்று அக்காவிடம் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. படத்தைக் கிளினிக் கொப்பி வைத்திருக்கிற பைக்குள் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார்.